ஷ்யாம் பெனகல் படங்களுக்கு காசு போட்டது யாரு? (விவாத இழை)

ரீல்பெட்டி:

இந்திப் பட இயக்குநர் ஷ்யாம் பெனகல் 2024 டிசம்பர் 23ல மும்பைல இறந்தப்போ வந்த அஞ்சலி எல்லாம் படிச்சேன், பெரும்பாலும் அவார்டு லிஸ்ட் தான். பத்மஸ்ரீ 1976, பத்மபூஷண் 1991, தாதாசாகேப் பால்கே 2005, ராஜ்யசபால 2006லேர்ந்து 2012 வரைக்கும். எல்லாம் சரி, ஆனா அந்த மனுஷன் படம் எடுக்க காசை எங்கேர்ந்து கொண்டுவந்தாருன்னு யாரும் எழுதல, எனக்கு அதுதான் அவர் கேரியர்லயே பெரிய விஷயமா படுது, அதனால தனி இழையா போடறேன்.

1934ல ஹைதராபாத் பக்கம் திருமலகிரில பொறந்தவர். கொங்கணிக் குடும்பம். அப்பா ஸ்ரீதர் பெனகல் போட்டோகிராபர், அப்பாவோட கேமராவ வெச்சு 12 வயசுலயே ஒரு சின்னப் படம் எடுத்திருக்காரு. உஸ்மானியால எகனாமிக்ஸ் எம்.ஏ., ஹைதராபாத் ஃபிலிம் சொசைட்டிய ஆரம்பிச்சதும் அவர்தான். பெரிய இயக்குநர் குரு தத் அவருக்கு சொந்தம், ரெண்டு பேரோட பாட்டிங்களும் அக்கா தங்கச்சி. அவ்வளவு பெரிய சொந்தம் இருந்தும் அவர் நுழைஞ்சது விளம்பர கம்பெனில, 1959ல லிண்டாஸ்ல காப்பிரைட்டரா. அதுக்கப்புறம் விளம்பரப் படம், டாகுமெண்டரின்னு மொத்தம் 900க்கு மேல எடுத்தாரு. அங்குர் கதைய கையில வெச்சுக்கிட்டு பத்து வருஷத்துக்கு மேல ஒவ்வொரு தயாரிப்பாளரா கேட்டு அலைஞ்சாரு, 1974ல படம் தியேட்டருக்கு வரும்போது 40 வயசு நெருங்கிடுச்சு.

அப்போ கடைசியா காசு போட்டது யாருன்னா பிளேஸ். தியேட்டர்ல மெயின் படத்துக்கு முன்னாடி ஓடுமே சோப்பு, டீத்தூள் விளம்பரம், அத நாடு முழுக்க சப்ளை பண்ணின கம்பெனி. மோகன் பிஜ்லானி, ஃப்ரெனி வரியாவா ரெண்டு பேரும் நடத்தினாங்க. அதே காலத்துல மணி கௌல், குமார் சஹானி எல்லாம் அரசாங்கத்தோட ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன்ல கடன் வாங்கி எடுத்துட்டு இருந்தாங்க, இவர் அந்தப் பக்கம் போகல, ஸ்டார் வெச்சு எடுக்கற பம்பாய் தயாரிப்பாளர்களும் இவர் பக்கம் வரல. அங்குர், நிஷாந்த், பூமிகா, மண்டி எல்லாம் பிளேஸ் காசு. மந்தன் குஜராத் பால் விவசாயிங்க 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய்னு குடுத்த காசு. ஜூனூன், கலியுக் சசி கபூர் காசு. ஆரோஹன் மேற்கு வங்க அரசாங்கம். சுஸ்மன் கைத்தறி கூட்டுறவு சங்கங்கள். யாத்ரான்னு டிவி தொடர், அது ரயில்வே. அப்புறம் தூர்தர்ஷன், என்.எஃப்.டி.சி. (மத்திய அரசோட ஃபிலிம் கார்ப்பரேஷன்), சுகாதாரத் துறைன்னு போகுது. ஒரு கதவு சாத்தினா அடுத்த தெருவுல இன்னொரு கதவத் தட்டிருக்காரு, அதுவும் கிட்டத்தட்ட 50 வருஷம் நிக்காம. இந்தி சினிமாவுல இத வேற யாரும் பண்ணல.

செகந்திராபாத் செல்வி:

நல்ல இழை ரீல்பெட்டி அண்ணா. திருமலகிரில தான் நான் வேலைக்கு டெய்லி இறங்குறேன், அதனால அங்குர் பத்தி ஒரு வார்த்த சொல்லியே ஆகணும். அந்தப் படம் எடுத்தது இங்க எல்லாரெட்டிகுடா பக்கம், அப்போ அது வயலும் கெணறுமா இருந்த கிராமம். படத்துல பேசுற பாஷைய கவனிங்க, பம்பாய் படத்துல வர்ற சுத்தமான இந்தி கிடையாது, தக்னி, எங்க ஊர் பேச்சு உருது. அதுக்கு முன்னாடி இந்திப் படத்துல தக்னி பேசினா சிரிப்பு காட்ற ஆளு தான், மெஹ்மூத் மாதிரி. இங்க கதாநாயகி லக்ஷ்மி அதுல அழறா, கோவப்படறா, கடைசில ஜமீன்தார் பையன் வாசல்ல நின்னு சாபம் விடறா. லக்ஷ்மியா நடிச்ச ஷபனா ஆஸ்மிக்கு அதுதான் முதல் படம், புனே இன்ஸ்டிடியூட்ல படிச்சிட்டு நேரா வந்த பொண்ணு, முதல் படத்துக்கே தேசிய விருது. அவ புருஷனா காது கேக்காத குயவனா வந்த சாது மெஹருக்கும் விருது.

கிராமத்துக்கு வர்ற சின்ன ஜமீன்தார் சூர்யா, அது அனந்த் நாக், படிச்சவன், சாதி பாக்க மாட்டேன்னு லக்ஷ்மி கையால டீ வாங்கி குடிப்பான். அதே ஆளு தான் பின்னாடி அவ கர்ப்பம்னு தெரிஞ்சதும் கை கழுவுறான். வில்லன்னு ஒருத்தன காட்டாம, நல்லவன்னு தன்ன நம்பிட்டு இருக்கறவன் எங்க நழுவறான்னு காட்டினாரு பாருங்க, அத ஒரு பெரிய கம்பெனி தயாரிப்பாளர் விட்டிருக்கவே மாட்டாரு.

கருப்பையா_எம்:

> ஒரு கதவு சாத்தினா அடுத்த தெருவுல இன்னொரு கதவத் தட்டிருக்காரு

பாஸ், இதே விஷயத்த நான் திருப்பிக் கேக்கறேன். ரயில்வே காசு குடுத்தா ரயில் பத்தி தொடர். பால் சங்கம் குடுத்தா பால் பத்தி படம். நெசவு சங்கம் குடுத்தா நெசவு பத்தி. சுகாதாரத் துறை குடுத்தா ஹரி பரி, பொண்ணுங்க உடம்பு, குடும்பக் கட்டுப்பாடு. இது விளம்பரக்காரர் பழக்கம் தானே, யாரு கிளையண்டோ அவங்களுக்கு ஏத்த மாதிரி எடுத்துக் குடுக்கறது. கடைசிப் படம் முஜிப், பங்களாதேஷ் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் பத்தினது, 2023ல வந்துச்சு, இந்திய அரசோட என்.எஃப்.டி.சி.யும் பங்களாதேஷ் அரசோட ஃபிலிம் கார்ப்பரேஷனும் சேர்ந்து எடுத்தது, அங்க ஆட்சில இருந்தது யாருன்னா அதே முஜிபோட மகள். அங்குர் எடுத்த கை தான் அதையும் எடுத்துச்சு. சுதந்திரமான இயக்குநர்னு இவர சொல்றதுக்கு முன்னாடி இத பேசித்தான் ஆகணும்.

பால்_சொசைட்டி_பாபு:

வணக்கம். நான் சினிமா ஆளு இல்ல, எங்க ஊர் பால் சொசைட்டில 20 வருஷத்துக்கு மேல இருக்கேன், மந்தன் மட்டும் எனக்கு மனப்பாடம், அதனால அத பத்தி சொல்றேன்.

அந்த 2 ரூபாய் கணக்கு நிறைய பேருக்கு சரியா தெரியாது. 5 லட்சம் பேரும் சினிமா எடுக்கப் போறோம்னு உண்டியல்ல காசு போடல. பால் ஊத்துறவங்களுக்கு சொசைட்டில பட்டுவாடா நடக்கும்ல, அதுல ஒரு தடவ மட்டும் ஆளுக்கு 2 ரூபாய் கம்மியா வாங்கிக்கிட்டாங்க. மொத்தம் 10 லட்சம். ஐடியா அமுல் பால் கூட்டுறவ வளத்த வர்கீஸ் குரியனோடது. அவர் கோழிக்கோட்டுக்காரர், படிச்சது நம்ம லயோலாவும் கிண்டி இன்ஜினியரிங் காலேஜும். அதுக்கு முன்னாடியே பெனகல் ஆபரேஷன் ஃப்ளட்ங்கற பால் உற்பத்தித் திட்டம் பத்தி டாகுமெண்டரி எடுத்துக் குடுத்திருந்தாரு, ஆனா டாகுமெண்டரிய ஏற்கனவே நம்புறவங்க மட்டும் தான் பாப்பாங்க, ஊர்ல இருக்கறவன் பாக்கணும்னா கதைப் படம் வேணும்னு பெனகல் சொன்னாரு, காசுக்கு வழி குரியன் சொன்னாரு. படம் வந்ததும் விவசாயிங்க லாரி புடிச்சு டவுனுக்கு வந்து பாத்தாங்க. தயாரிப்பாளர் பேருன்னு டைட்டில்ல வர்றதே குஜராத்தோட 5 லட்சம் விவசாயிகள்னு தான்.

படத்துல ஒரு சீன், கிரிஷ் கர்னாட் மாட்டு டாக்டர் ராவா ஊருக்கு வந்து பால டெஸ்ட் பண்ணி கொழுப்புக்கு ஏத்த மாதிரி காசுன்னு சொல்வாரு. அதுவரைக்கும் அம்ரிஷ் பூரி, தனியார் பால் பண்ணைக்காரர் மிஸ்ரா, கண்ணால பாத்து தனக்குத் தோணின ரேட்ட சொல்லிட்டு இருந்திருப்பாரு. இந்த ஒரு மாத்தம் தான் கூட்டுறவோட உயிர்நாடி, கண்ணால பாக்குறதுக்கு பதிலா மெஷின், அதுவும் எல்லார் பாலுக்கும் ஒரே மெஷின். எங்க சொசைட்டில இன்னைக்கும் சண்டை வந்தா டெஸ்ட் ரீடிங்க பத்தி தான் வரும். அத வசனமா நீட்டாம ஒரே சீன்ல காட்டிட்டு போயிட்டாரு. வெளிலேர்ந்து பாக்குறவன் எடுத்த மாதிரியே இல்ல.

கருப்பையா_எம்:

பாபு அண்ணே, நீங்க சொன்ன கணக்கு தான் எனக்கு உறுத்துது. பட்டுவாடாவுல சங்கமே 2 ரூபாய் கழிக்கும்போது எந்த விவசாயி மாட்டேன்னு சொல்லுவான்? அது விருப்பமா குடுத்ததா? இன்னொண்ணு, ஊருக்கு வந்து எல்லாத்தையும் சரி பண்றது பட்டணத்து ஆபீசர். அந்த ஜனங்க படமா இது, ஆபீசரோட படமா?

பால்_சொசைட்டி_பாபு:

தம்பி, நியாயமான கேள்வி. சங்கம் முடிவு பண்ணினா உறுப்பினர் ஒத்துக்கறது தான் பழக்கம், ஒவ்வொருத்தரையும் கேட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா புடிக்காத பணத்துல எடுத்த படத்த திரும்ப காசு குடுத்து லாரி ஏறிப் போய் யாரும் பாக்க மாட்டாங்க, அதையும் யோசிங்க.

ரீல்பெட்டி:

கருப்பையா, மந்தன் கடைசி வரைக்கும் பாத்திருந்தீங்கன்னா ஆபீசர் ஜெயிக்கலங்கறது தெரியும். டாக்டர் ராவ் டீம்ல ஒருத்தன் ஊர் பொண்ண ஏமாத்தறான். சங்கத் தேர்தல்ல சர்பஞ்ச், அதான் ஊர்த் தலைவர், தோத்து தலித் தரப்பு ஜெயிச்சதும் ஊரே எதிர்த்து நிக்குது. ராவ் மேல பொய் கேஸ் போட பிந்துங்கற ஊர்ப் பொண்ணோட கைரேகைய வாங்கறாங்க, அது ஸ்மிதா பாட்டீல். ராவ்க்கு டிரான்ஸ்ஃபர் வந்து ரயிலேறி போயிடறாரு, வேலைய பாதில விட்டுட்டு. அதுக்கப்புறம் சங்கத்த இழுத்துப் புடிக்கறது போலாங்கற தலித் இளைஞன், நசீருதீன் ஷா, அவன் ஆரம்பத்துல ராவ நம்பவே இல்ல. பால் சங்கமே காசு குடுத்த படத்துல சங்கத்துக்குள்ள சாதி எப்படி வேலை செய்யுது, நல்ல எண்ணத்தோட வந்த ஆபீசர் எங்க தோக்கறார்னு காட்ட விட்டிருக்காங்க. விஜய் டெண்டுல்கர் திரைக்கதை, கைஃபி ஆஸ்மி வசனம். கிளையண்டுக்கு எடுத்த விளம்பரம்னா ராவ் தோள்ல மாலை விழுந்து முடிஞ்சிருக்கும்.

இன்னொரு தகவல். அந்த நெகட்டிவ் பாழாகிட்டு இருந்தது, ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அத மீட்டாங்க, வேலை நடந்தது நம்ம சென்னை பிரசாத்லயும் இத்தாலி போலோன்யா லேப்லயும். 2024 மே மாசம் கான் திரைப்பட விழாவுல கிளாசிக்ஸ் பிரிவுல போட்டாங்க, அடுத்த மாசமே தியேட்டர்ல திரும்ப வந்துச்சு. பெனகல் உயிரோட இருக்கும்போதே இது நடந்ததுல எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நூலக நிலா:

எல்லாரும் படத்த பத்தியே பேசறீங்க, பாரத் ஏக் கோஜ் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல! 1988ல தூர்தர்ஷன்ல ஆரம்பிச்சது, 53 எபிசோட், நேருவோட டிஸ்கவரி ஆஃப் இந்தியாவ அடிப்படையா வெச்சு. ரோஷன் சேத் நேருவா வந்து பேசுவாரு, ஓம் பூரி குரல்ல கதை போகும், வன்ராஜ் பாட்டியா இசையில ரிக்வேத சூக்தத்தோட ஆரம்பிக்கும். தமிழ்நாட்டுல நிறைய பேருக்கு ஞாயித்துக்கிழமை காலைனா ராமாயணம், மகாபாரதம் தான் ஞாபகம், இது அந்தக் கூட்டத்துல மறந்து போச்சு.

இதுல சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் சேர்த்து ரெண்டு எபிசோட் குடுத்திருக்காரு, சோழர்களுக்கு ரெண்டு. டெல்லிலேர்ந்து வர்ற வரலாறுன்னா மௌரியர், குப்தர், முகலாயர்னு போயிடும், தெக்கு ஒரு பாராவுல முடிஞ்சிடும். இவர் கண்ணகிய இந்தியா முழுக்க உக்கார வெச்சு இந்தில காட்டினாரு. உச்சரிப்பு, உடை இதுல குறை சொல்ல நிறைய இருக்கு, அது வேற. நசீருதீன் சிவாஜியாவும் ஓம் பூரி ஔரங்கசீப்பாவும் வர்ற எபிசோட்ல ரெண்டு பக்கமும் மனுஷங்களா இருப்பாங்க, இப்போ அப்படி ஒண்ண டிவில எடுக்க யாருக்கு தைரியம் இருக்கு சொல்லுங்க.

ஆனா கருப்பையா சார் சொல்றதுல ஒரு உண்மை இருக்கு. அரசாங்க டிவி, ராஜீவ் காந்தி பிரதமர், புத்தகம் அவர் தாத்தாவோடது. அந்தச் சூழல்ல தான் அதுக்கு பட்ஜெட் கிடைச்சது. அத மறைச்சுட்டு பேச முடியாது.

தறிமேடை:

சுஸ்மன் பத்தி சொல்றேன், எங்க வீடு நெசவு வீடு. 1987 படம், போச்சம்பள்ளி இக்கத் நெசவாளர் ராமுலுவா ஓம் பூரி, பொண்டாட்டியா ஷபனா. இக்கத்ல நூல முதல்லயே கட்டி சாயம் போட்டு, தறில ஏத்தும்போது தான் டிசைன் கூடி வரும், ஒரு இழை நகர்ந்தாலும் ஓரம் கலங்கிடும். அந்த பொறுமைய படத்துல அவசரப்படாம காட்டிருக்காரு. அத விட முக்கியம், ராமுலு தன் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு சேலை நெய்ய ஆர்டருக்கு குடுத்த பட்டு நூல்ல கொஞ்சம் எடுத்துக்கறான். வாழ்நாள் பூரா பட்டு நெஞ்சவன் பொண்ணுக்கு ஒரு பட்டு இல்ல. இத எங்க தெருவுல கேட்டா ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு கதை சொல்லுவாங்க. சங்கம் காசு குடுத்தும் சங்கம், மாஸ்டர் வீவர், ஏற்றுமதிக்காரங்கன்னு நடுவுல இருக்கறவங்கள இனிப்பா காட்டல.

ஆனா படமா அது மந்தன் அளவுக்கு நிக்கல, நடுவுல வேகம் போயிடும், சில இடத்துல பாடம் எடுக்கற மாதிரி இருக்கும். மனசுல பட்டத சொல்றேன்.

செகந்திராபாத் செல்வி:

தறிமேடை சொன்னதுல எனக்கு ஒண்ணு தோணுது. பெனகல் படங்கள்ல எனக்கு உயிரானது பூமிகாவும் மண்டியும். பூமிகா 1977, மராத்தி நடிகை ஹன்சா வாட்கரோட சுயசரிதைலேர்ந்து எடுத்தது, ஸ்மிதா பாட்டீலுக்கு தேசிய விருது. ஸ்மிதா பம்பாய் தூர்தர்ஷன்ல மராத்தி நியூஸ் வாசிச்சிட்டு இருந்த பொண்ணு, அந்த முகத்த டிவில பாத்து கூப்பிட்டவர் இவர். அந்தப் படத்துல உஷா ஒவ்வொரு ஆம்பளகிட்டயும் ஒரு வீடு கிடைக்கும்னு போறா, ஒவ்வொரு எடத்துலயும் கதவு வெளிலேர்ந்து பூட்டுது. கடைசில தனியா நிக்கறா, அவள தண்டிக்கவும் இல்ல, திருத்தவும் இல்ல. மண்டி 1983ல ஒரு தேவடியா வீட்ட ஊரே சேர்ந்து டவுனுக்கு வெளில தள்ளுது, அப்புறம் ஊர் தன்னால அங்க நகர்ந்து வருது. அந்த வீட்டுத் தலைவி ருக்மிணிபாயா ஷபனா, அங்குர் லக்ஷ்மியா இதுன்னு நம்ப முடியாது.

இந்த ரெண்டுக்கும் காசு போட்டது பிளேஸ், அவங்களுக்கு எந்தத் திட்டத்தையும் பரப்ப வேண்டிய தேவை இல்ல. நல்ல காரியத்துக்குன்னு காசு குடுத்தவங்க படத்துல பெண்கள் உழைக்கறாங்க, போராடறாங்க, சரி. ஆசைப்படற பொண்ணு, தப்பு பண்ணற பொண்ணு, அத ரசிச்சு சிரிக்கற பொண்ணு, அவங்க எல்லாம் பிளேஸ் படத்துல தான் இருக்காங்க. அதனால காசு யாரோடதுங்கறது படத்த தொடாதுன்னு ரீல்பெட்டி அண்ணா சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ரீல்பெட்டி:

செல்வி, நல்லா சொன்னீங்க, ஆனா முழுசா விட்டுக்குடுக்க மாட்டேன். காசு படத்த தொடும், எந்த அளவுன்னு தான் கேள்வி. சர்தாரி பேகம் பாருங்க, 1996, தும்ரிங்கற இந்துஸ்தானி பாட்டு பாடற பொண்ணு, குடும்பத்தையும் மரியாதையையும் விட்டுட்டு பாட்டுக்கு போனவ, அது பிளேஸ் காலம் முடிஞ்சு ரொம்ப வருஷம் கழிச்சு. அடுத்து ஜுபைதா 2001, ஏ.ஆர். ரஹ்மான் இசை, கரிஷ்மா கபூர், அங்கயும் தன் இஷ்டத்துக்கு வாழப் பாக்கற பொண்ணு தான். மம்மோ, சர்தாரி பேகம், ஜுபைதா மூணுமே காலித் முகமது எழுதினது.

அரசாங்கக் காசுல கூர்மையா எடுத்த படம் வேணும்னா சமர். 1998ம் வருஷத்துக்கான தேசிய விருதுல சிறந்த படம். மத்தியப் பிரதேச கிராமத்துல ஒரு தலித் ஆளுக்கு நடந்த அவமானத்த படமா எடுக்க பம்பாய்லேர்ந்து ஒரு யூனிட் வருது, எடுக்க எடுக்க அந்த யூனிட்டுக்குள்ளயே, தாக்கூரா நடிக்கறவனுக்கும் தலித்தா நடிக்கறவனுக்கும் நடுவுல, சாதி வெளில வருது. தன் மாதிரி படம் எடுக்கறவங்கள தானே கூண்டுல ஏத்தினாரு.

அப்புறம் 2016ல சென்சார் போர்டு பத்தி ஆராய மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டாங்க, தலைவர் இவர். போர்டு வேலை எந்த வயசுக்காரங்க பாக்கலாம்னு சான்றிதழ் குடுக்கறது மட்டும் தான், வெட்டறது இல்லன்னு அறிக்கை குடுத்தாரு. அரசாங்கம் கூப்பிட்டு உக்கார வெச்ச நாற்காலில இருந்துக்கிட்டே அரசாங்கத்துக்கு புடிக்காதத சொன்ன ஆளு. இதையும் கணக்குல வைங்க கருப்பையா.

நூலக நிலா:

நசீருதீன் விஷயம் ஒண்ணு சேக்கறேன். புனே இன்ஸ்டிடியூட்ல நடந்த ஸ்ட்ரைக்ல நசீர் முன்னாடி நின்னவர், அப்போ டைரக்டர் நாற்காலில இருந்தது கிரிஷ் கர்னாட். அந்த கர்னாட் தான் நிஷாந்துக்கு இந்தப் பையன பாருங்கன்னு பெனகல்கிட்ட சொன்னாரு. அந்தக் குழுவுல இருந்த மனசு அப்படி. கேமராமேன் கோவிந்த் நிஹலானி, குரு தத் படங்களோட வி.கே. மூர்த்திகிட்ட உதவியாளரா இருந்தவர், அங்குர்லேர்ந்து ஆரோஹன் வரைக்கும் கூடவே வந்து அப்புறம் தானே பெரிய இயக்குநரும் ஆனாரு.

கருப்பையா_எம்:

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். சமர் பாத்தேன், ஆரோஹனும் திரும்ப பாத்தேன்.

ஆரோஹன்ல குத்தகை விவசாயி ஹரி மண்டல் தன் நிலத்துக்காக கோர்ட் கோர்ட்டா பத்து வருஷம் அலையறான். இடதுசாரி அரசு காசு குடுத்த படம், குத்தகைக்காரங்கள பதிவு பண்ணின ஆபரேஷன் பர்காவ அவங்க நடத்திட்டு இருந்த நேரம். படம் அந்தத் திட்டத்துக்கு ஆதரவா தான் நிக்குது. ஆனா அந்த பத்து வருஷத்துல குடும்பம் சிதறிப் போச்சே, அது எந்தத் திட்டத்துலயும் திரும்பி வராதுன்னு ஓம் பூரி முகத்துலயே தெரியுது. அதுக்கு தேசிய விருது குடுத்தது சரி.

சமர்ல யூனிட் ஆளுங்க சாதி பேசற சீன்கள் என்னை உலுக்கிடுச்சு, மறுக்கல. ஆனா முஜிப்புக்கு இந்த நியாயம் எதுவும் பொருந்தாது. மந்தன்ல ராவ் தோக்கறாரு, ஆரோஹன்ல ஹரி குடும்பத்த இழக்கறான், சமர்ல இயக்குநரே மாட்டறாரு. முஜிப்ல, அவர் ஆட்சிக்கு வந்து 1975ல ஒரே கட்சி மட்டும் தான்னு கொண்டுவந்தாரே, அந்த முடிவ இந்தப் பழைய பெனகல் எப்படி விசாரிச்சிருப்பாருன்னு யோசிச்சுக்கிட்டே பாத்தேன், அந்த விசாரணை எனக்குப் போதல. மகள் பிரதமரா இருக்கும்போது, ரெண்டு அரசாங்கம் சேர்ந்து காசு குடுக்கும்போது, அந்தக் கேள்விய கேக்கறது கஷ்டம்னு எனக்கும் தெரியுது. 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் குடுத்தா யாரும் எடிட்டிங் ரூம்ல வந்து உக்கார மாட்டாங்க. நிலா மேடம், நேரு எபிசோட்கள்ல நேருவ எங்கயாவது கேள்வி கேட்டிருக்காங்களா? எபிசோட் நம்பர் இருந்தா போடுங்க, அதையும் பாத்துட்டு எழுதறேன்.